ஆரம்பித்தவளே முடிக்க வேண்டும்

"நீ முதல்ல போ. இல்லாட்டி அவ போனப்புறம் போ. ரெண்டு பேரும் ஒண்ணாப் போக வேணாம்."

சின்ன மருமகளின் சாப்பாட்டு டப்பாவை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு மாமியார் பெரிய மருமகளிடம் சொன்னாள். டப்பாவுக்காகக் கையை நீட்டியிருந்த சின்னவள், நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் புதுச் சீருடையின் பொத்தானைத் திருகினாள். பெரியவள் ஒரு காலில் செருப்பை மாட்டியவள், மற்றதை மாட்டாமல் நின்றாள்.

"அத்தை, அவளுக்கு இன்னிக்குத்தான் முதல் நாள். பஸ்ஸுல போறப்ப நாலு விஷயம் சொல்லிக் குடுக்கலாம்னு பார்த்தேன்."

"அதனாலதான் வேணாங்கறேன். முதல் நாள் வேலைக்குப் போறவ உன்கூடவா படி இறங்கணும்? மூத்தவனை முழுங்கினது போதும். இருக்கறது ஒருத்தன். அவனும் லாரி லாரின்னு ரோட்டுலயே கிடக்கான். அவன் பொண்டாட்டியாவது நல்லா இருக்கட்டும்."

மூத்தவனை முழுங்கியது குடி. நாலு வருஷத்துக்கு முன்னால் ஈரல் வெந்து போய் ஆஸ்பத்திரியில் செத்தான். டாக்டர் அதைத் தாளில் எழுதியும் கொடுத்திருந்தார். ஆனால் டாக்டர் கையெழுத்து யாருக்குப் புரிகிறது? அந்த வீட்டில் எல்லோருக்கும் புரிந்தது ஒன்றுதான், அவள் வந்தாள், அவன் போனான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"அக்கா, பரவாயில்ல, நீங்க..." என்று சின்னவள் இழுத்தாள்.

"நீ அடுத்த பஸ்ஸுல வா, குட்டி. இறங்கினதும் நேரா ஹோட்டல் லாண்டரிக்குப் போ. துணி மடிக்கிற வேலைதான். மத்ததெல்லாம் சாயங்காலம் சொல்றேன்" என்று பெரியவள் தனியாகக் கிளம்பினாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சொல்லாமல் விட்டதை எண்ணிப் பார்த்தாள். சொல்ல நினைத்த நாலு விஷயங்களில் முதலாவது, கழுவுகிற மருந்துகளில் ஒன்றோடு இன்னொன்றைச் சேர்த்து ஊற்றக் கூடாது என்பது. லாண்டரியில் அவளுக்கு மருந்து ஏது, சாயங்காலம் போதும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். வாழ்க்கையில் அவள் செய்துகொண்ட சமாதானங்களிலேயே அது போல் இன்னொன்றுக்கு அவள் வருந்தியதில்லை.

பதினோரு வருஷமாக அந்த ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிறவள் அவள். மேலிருந்து கீழே, காய்ந்ததிலிருந்து ஈரத்துக்கு, உள்ளேயிருந்து வாசலுக்கு. இந்த வரிசை மாறினால் துடைத்த தூசி துடைத்த இடத்திலேயே வந்து உட்காரும். கண்ணாடிக்கு நீலத் துணி, கைகழுவும் தொட்டிக்கு மஞ்சள், கழிப்பறைக்குச் சிவப்பு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சிவப்புத் துணியால் கண்ணாடியைத் துடைக்க மாட்டாள். எல்லா விதிக்கும் மேலே ஒரு விதி உண்டு. ஒரு குளியலறையை ஆரம்பித்தவளே முடிக்க வேண்டும். உள்ளே எதை ஊற்றியிருக்கிறாள், எது ஊறுகிறது, எது அலசியாகிவிட்டது என்பது அவளுக்குத்தான் தெரியும். நடுவில் ஆள் மாறினால், கை மாற்றிக் கொடுப்பவள் நேரில் நின்று வாயால் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். சூப்பர்வைசர் இதை வாரா வாரம் எல்லோரையும் நிற்க வைத்து ஒப்பிக்கச் சொல்வார். கதவு விளிம்பில்கூட வெள்ளைக் கையுறை போட்டுத் தூசி பார்ப்பதால் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் 'கையுறை'.

அன்று ஐந்தாம் மாடி முழுக்க ஒரு கல்யாணக் கூட்டத்துக்கு. கடைக்கோடி அறை மணப்பெண்ணுக்கு. நாலு மணிக்குப் பெண் வந்து அலங்காரம் செய்துகொள்வாள். இரவு அதே அறைதான் புதுத் தம்பதிக்கு. ஹோட்டலில் அவளைப் போல விரிப்பின் மூலையைக் கத்தி வைத்து வெட்டினாற்போல் மடிக்க ஆள் கிடையாது என்று கையுறையே அந்த அறைக்கு அவளை அனுப்பினார்.

முந்தைய விருந்தாளி தலைக்குச் சாயம் பூசியிருப்பார் போல. குளியலறைத் தரையில் ஓட்டுக்கு ஓடு இடுக்கெல்லாம் கறுப்பு. கழிப்பறைக் கோப்பையில் தண்ணீர் உப்பின் மஞ்சள் கறை. கறுப்புக்கு பிளீச், மஞ்சளுக்கு ஆசிட். முதலில் பிளீச்சை ஊற்றித் தேய்த்து, கோப்பைக்குள்ளும் கொஞ்சம் விட்டு, கதவைத் திறந்து வைத்து, பத்து நிமிஷம் ஊறட்டும் என்று படுக்கையை விரிக்க வந்தாள். ஊறியதும் மூன்று தண்ணீர் விட்டு அலசி, காற்றாட விட்டு, பிறகுதான் ஆசிட் டப்பாவைத் தொட வேண்டும், இரண்டும் கலந்தால் மூச்சை அடைக்கும் புகை. அது தள்ளுவண்டியில் இருந்தது.

இரண்டாவது தலையணைக்கு உறை போடும்போது மணப்பெண்ணின் தாயார் இரண்டு கூடைப் பூவோடு உள்ளே வந்தாள். கட்டிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். முகம் மலர்ந்தது.

"அடேயப்பா, என்ன அழகா விரிச்சிருக்க! கைராசிக்காரிதான். இந்தப் பூவையும் நீயே தூவிடேன். குழந்தைங்க எத்தனை உனக்கு?"

"இல்லைங்கம்மா."

"அடடா. வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

பெரியவள் பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல அவளுக்கு நேரம் இல்லை, உள்ளே மருந்து ஊறிக்கொண்டிருந்தது. "தவறிட்டாருங்க, நாலு வருஷமாச்சு" என்றாள்.

அந்த அம்மாளின் முகத்தில் மலர்ந்தது அப்படியே உதிர்ந்தது. கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அடுத்த நிமிஷம் டெலிபோன் பறந்தது. கையுறை மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"என் பொண்ணு முதன்முதலா வாழப் போற அறை சார் இது! ஹோட்டல்ல வேற ஆளே இல்லையா உங்களுக்கு? புருஷன் இருக்கறவளா ஒருத்தி வரணும். படுக்கையைப் பிரிச்சு முதல்ல இருந்து விரிக்கணும்."

"மன்னிச்சுக்குங்கம்மா, இதோ மாத்திடறேன்" என்று குழைந்த கையுறை, பெரியவளிடம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "வாக்குவாதம் வேணாம். நீ லாண்டரிக்குப் போ. லிஃப்ட்ல போகாதே, பொண்ணு வர்ற நேரம், எதிர்ல பட்டுடப் போற. படியில இறங்கு."

"சார், பாத்ரூம்ல பிளீச் ஊறுது. இன்னும் அலசலை. வர்றவகிட்ட நானே சொல்லிட்டுப் போயிடறேன். ரெண்டே நிமிஷம்."

"நான் சொல்லிக்கறேன், போ."

"ஆசிட்டைத் தொட வேணாம்னு..."

"எனக்கே பாடமா? போம்மா!"

அவள் போனாள். போகச் சொன்னால் போய்ப் போய்க் கால் பழகியிருந்தது. அவளுக்குப் பின்னால் அந்த அம்மாள் கையுறையைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒதுக்கிய அறைகளில் ஏசி சரியில்லை என்று ஆரம்பித்தாள். தலைக்கு மேல் வேலை உள்ளவர் அவர். சொல்லிக்கறேன் என்றது அந்த ஏசியோடு போயிற்று.

மாடிக்கு மாடி அழுக்கு விரிப்புகளைச் சேர்த்துக்கொண்டு ஐந்து மாடிப் படியும் இறங்கி நிலவறை லாண்டரிக்குள் வந்தபோது, துண்டுகள் பாதி மடித்தபடி மேஜையில் கிடந்தன. இஸ்திரிக்காரர் மட்டும் இருந்தார்.

"எங்க அண்ணே எங்க வீட்டுப் பொண்ணு?"

"உனக்குத் தெரியாதா? அப்பவே லிஃப்ட்ல மேல போயிடுச்சே. கல்யாணப் பொண்ணு ரூமுக்கு. சூப்பர்வைசர் போன்ல கேட்டார், கல்யாணமாகி ஆறு மாசம்னு சொன்னதும் உடனே அனுப்புன்னுட்டார். கொடுத்து வச்ச பொண்ணு, முதல் நாளே ஐந்தாம் மாடி!"

பெரியவள் திரும்பி டெலிபோனைத் தேடினாள். சின்னவள் வீட்டில் கழிப்பறை கழுவுவதைப் பார்த்திருக்கிறாள். பிளீச்சிங் பொடி, ஆசிட் இரண்டையும் கொட்டுவாள். ரெண்டும் சேர்ந்தால் ரெட்டிப்புச் சுத்தம் என்று மாமியார் பழக்கியிருந்தாள். அந்தக் கழிப்பறைக்குக் கூரையே பாதிதான், ஆகையால் கண் எரிச்சலோடு போயிற்று. இங்கே நாலு பக்கமும் சுவர்.

டெலிபோனை எடுத்து அறை எண்ணைச் சுழற்றினாள். அந்த அம்மாள்தான் எடுத்தாள்.

"அம்மா, உள்ள இருக்கற பொண்ணை உடனே வெளிய வரச் சொல்லுங்க. மருந்து ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தா மூச்சு..."

"யாரு, நீயா? அவ கதவைச் சாத்திக்கிட்டு நல்லாத்தான் கழுவறா. நான்தான் சாத்தச் சொன்னேன், பூ வாசனையே தெரியலை உன் மருந்து நாத்தத்துல. நல்ல நேரத்துல அபசகுனமா அலறாதே. வை போனை."

வேலைக்காரர் லிஃப்ட் எங்கேயோ மேலே நின்றது. விருந்தாளிகள் லிஃப்டில் பட்டும் நகையுமாக எள் விழ இடமில்லை. பதினோரு வருஷத்தில் முதல் முறையாக அவள் அதற்குள் நுழைந்தாள். ஈர ஏப்ரனைப் பார்த்து எல்லோரும் ஒதுங்கியதில் இடம் தாராளமாகவே கிடைத்தது.

கோடி அறை வாசலில் அந்த அம்மாள் கதவின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி நின்றாள்.

"சொன்னேனே, உள்ள காலை வைக்காதேன்னு!"

பெரியவள் அவள் கையைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். புதிதாக விரித்த படுக்கையில் பூ தூவியிருந்தது, அதையும் மீறித் தொண்டையைக் கீறும் வாடை. குளியலறைக் கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. சத்தம் எதுவும் இல்லை. தேய்க்கிற சத்தம் இல்லை, தண்ணீர்ச் சத்தம்கூட இல்லை.

ஒரு துண்டை நனைத்து மூக்கைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக் கதவைத் தள்ளினாள். சின்னவள் கோப்பைக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தாள். கையில் பிரஷ் இருந்தது. மஞ்சள் கறை போய்க் கோப்பை பளிச்சென்றிருந்தது. அக்குளில் கை கொடுத்து இழுத்தபோது புதுச் சீருடையின் பொத்தான்கள் தெறித்தன. பால்கனி வரைக்கும் இழுத்துப் போட்டுவிட்டு, திரும்பி வந்து குளியலறைக் கதவைச் சாத்தினாள். அப்புறம்தான் மூச்சு விட்டாள். விட்டதும் இருமினாள், குடலே வெளியில் வருகிற மாதிரி.

"குட்டி! ஏய் குட்டி! கண்ணைத் தொறடீ!"

சின்னவள் தொண்டையில் விசில் போல ஒரு சத்தம் மட்டும் வந்தது. வாசலில், ஓடிவந்த கையுறைக்குப் பக்கத்தில் மணப்பெண்ணின் தாயாரும் இருமிக்கொண்டிருந்தாள். இருமலுக்கு நடுவிலும் அவள் வாய் ஓயவில்லை. "பார்த்தீங்களா சார், பார்த்தீங்களா! இவ கால் வச்சா, ஒரு உசிரு கிடக்கு. நான் சொன்னா யாரு கேட்டா?"

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். தாலியில்லாதவளுக்கு அந்தக் கணக்கும் கிடையாது. எவர் உடைத்தாலும் உடைத்தவள் அவள்தான்.

ஆஸ்பத்திரியில் சின்னவளுக்கு மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். லேடி டாக்டர் மார்பில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, "இழுத்துக்கிட்டு வந்தது யாரு? நீங்களா? இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா நான் வேற பேப்பர்ல எழுதியிருப்பேன். நுரையீரல்ல புண்ணு இருக்கு, ஆறும். உசிருக்குப் பயமில்லை" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையில் பெரியவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சத்தமில்லாமல் அழுது முடித்தபோது கையுறை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு தாள். கையுறை இல்லை, வெறுங்கை.

"ஆபீசுக்கு ஒண்ணு எழுதிக் குடுக்கணும். புதுப் பொண்ணு, அவளாவே ஆசிட்டை ஊத்திட்டா, கவனக்குறைவுன்னு போட்டிருக்கேன். அவ வேலை போகாம நான் பார்த்துக்கறேன். சாட்சின்னு ஒரு கையெழுத்து போட்டுடு."

அவள் தாளை வாங்கி முழுக்கப் படித்தாள்.

"நான் எதனால பாதியில வெளிய போனேன்னு இதுல இல்லையே சார்?"

"அதெல்லாம் எதுக்கும்மா?"

"பிளீச் ஊறுதுன்னு உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போனேன். ஆரம்பிச்சவளை ஏன் முடிக்க விடலை, அதையும் எழுதுங்க. புருஷன் இல்லைங்கறதுக்காகன்னு அப்படியே எழுதுங்க. போடறேன்."

கையுறை தாளை மடித்தார். மேலும் ஒரு மடிப்பு மடித்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பிறகு பேசலாம் என்று போய்விட்டார்.

மாமியார் வந்து சேர்ந்தபோது மணி ஆறு இருக்கும். வாசலிலேயே நின்று தலையில் அடித்துக்கொண்டாள். நர்ஸ் அதட்டியதும் அடங்கி, கட்டிலருகே வந்து சின்னவளின் காலைத் தடவிப் பார்த்தாள். கால் சூடாகத்தான் இருந்தது. அழுகை நின்றது. பக்கத்து ஸ்டூலில் சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவளை அப்போதுதான் அவள் கண் பார்த்தது.

"டாக்டரம்மா சொன்னாங்க, நீதான் தூக்கிட்டு வந்தியாம்" என்றாள். குரலில் கொஞ்சம் ஈரம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. "நல்லா இரு."

பெரியவள் தலையை ஆட்டினாள்.

சின்னவள் இமைகள் லேசாக அசைந்தன. மாமியார் பதறிக் குனிந்தாள்.

"முழிக்கப் போறா போல. நீ கொஞ்சம் எழுந்து வெளிய நில்லு. செத்துப் பொழைச்சு கண்ணைத் தொறக்கறவ, உன் முகத்துலயா முழிக்கணும்? தப்பா நினைக்காதே. அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நர்ஸ் கையில் மருந்தோடு அப்படியே நின்றுவிட்டாள். பெரியவள் மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் வரவில்லை. மாடி மாடியாகப் படி இறங்கிய அலுப்புதான் இருந்தது. ஸ்டூலை இன்னும் ஒரு சாண் கட்டிலோரம் இழுத்துப் போட்டு, சின்னவளின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு ஒரு தடவை வெளிய போன்னாங்க, போனேன் அத்தை" என்றாள். "போனதுக்குத்தான் இவ இங்க படுத்திருக்கா. இனிமே போக மாட்டேன். அந்தப் பக்கம் இன்னொரு ஸ்டூல் இருக்கு, நீங்களும் உக்காருங்க."