பிரிக்காத பாக்கெட்டுகள்

எடைத்தட்டில் கிடந்த குழந்தையின் வலது கால் வெடவெடவென்று துடித்தது. பிறந்து எட்டு நாள். இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. ப்ரீதி இரண்டு நாளாகவே அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். குளிராக இருக்கும் என்று நினைத்து இன்னொரு துணியைச் சுற்றியிருந்தாள்.

சாவித்ரி சிஸ்டர் எடையைக் குறிக்க எடுத்த பேனாவைக் கீழே வைத்தாள். அந்தக் காலை உள்ளங்கைக்குள் மெல்லப் பொத்திப் பிடித்தாள். வெறும் நடுக்கமென்றால் பிடித்ததும் நின்றுவிடும். இது கைக்குள்ளேயும் துடித்தது.

“எப்பலேர்ந்து இப்படி?”

“ரெண்டு நாளாங்க. அப்பப்ப வரும், போயிரும்.”

“சலோ, என்கூட வா. இது ஃபிட்ஸ், வலிப்பு.”

குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் நடந்த வேகத்துக்கு, தையல் இன்னும் ஆறாத ப்ரீதியால் ஈடுகொடுக்க முடியவில்லை. இந்த மராத்தி ஊரிலேயே, கோர்படி ரயில்வே காலனித் தமிழர்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள் சாவித்ரி. ப்ரீதி கோந்த்வாவுக்குக் குடிவந்த இந்த மூன்று வருடத்தில், வீட்டுக்கு வெளியே அவளிடம் தமிழில் பேசிய ஒரே ஆள்.

ரத்தத்தில் கால்சியம் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. மருந்தைச் சட்டென்று ஏற்றினால் இதயம் தடுமாறும். நரம்பைவிட்டுக் கசிந்தால் தோல் வெந்துவிடும். டாக்டர் மானிட்டரில் கண் வைத்திருக்க, சாவித்ரி குனிந்து சிரிஞ்சைப் பெருவிரலால் தள்ளினாள். தள்ளுவதே தெரியவில்லை. நெற்றி வியர்வை புருவத்தில் வந்து நின்றபோதும் அவள் துடைக்கவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற ப்ரீதி, அந்த விரலைத் தவிர உலகத்தில் வேறெதையும் பார்க்கவில்லை. பத்து நிமிடம் கழித்துக் கால் அடங்கியது.

கர்ப்பத்தில் வாராவாரம் வைட்டமின் டி பவுடர் குடித்தாளா என்று டாக்டர் கேட்டார். அதற்குள் வந்து சேர்ந்திருந்த கணவன் கோகுல்நாத் முந்திக்கொண்டு ஹிந்தியில், ஒரு வாரம்கூடத் தவறவில்லை என்றான். மாதாமாதம் வாங்கி வந்தவன் அவன்தான். அப்படியானால் வேறு காரணம் தேட வேண்டும், முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு டாக்டர் தன் அறைக்குப் போனார்.

பாலில் கலந்த அந்தப் பவுடரின் வாசம் வந்தாலே ப்ரீதிக்கு வாந்தி. இரண்டு முறை முயன்றுவிட்டு, மிச்சப் பாக்கெட்டுகளையெல்லாம் பிரிக்காமலே துவரம்பருப்பு டப்பாவுக்குப் பின்னால் செருகியிருந்தாள். கேட்கும்போதெல்லாம் குடித்தாயிற்று என்று சொல்லச் சொல்ல, அதுவே உண்மை மாதிரி ஆகியிருந்தது. வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. திரையை மூடிய அறை. வெயில் மேலே பட்டு எத்தனை மாதம் ஆனதென்று அவளுக்கே தெரியாது.

கை கழுவிக்கொண்டிருந்த சாவித்ரியின் பக்கத்தில் போய் நின்றாள்.

“அக்கா, நான் அதைக் குடிக்கவே இல்லீங்க.”

சாவித்ரி குழாயை மூடினாள். “இப்பவே போய் டாக்டர்கிட்ட சொல்லு. அவர் திட்டினா நீ ரெண்டு நிமிஷம் தாங்கினா போதும். முதுகுல ஊசின்னா இந்தப் பிஞ்சு பச்சா தாங்கணும். வா, நான் பக்கத்துல நிக்கிறேன்.”

டாக்டர் திட்டவில்லை. முதுகு ஊசியைத் தள்ளிவைத்துவிட்டு, தாய்க்கும் சேர்த்து ரத்தப் பரிசோதனை எழுதினார். வைட்டமின் டி குறைந்தது இருபதாவது இருக்க வேண்டிய இடத்தில் ப்ரீதிக்கு ஆறு. குழந்தைக்கு அதைவிடக் குறைவு.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?” என்றான் கோகுல்நாத். மறுநாள் காலையில் அவனாகவே மாத்திரையும் தண்ணீருமாக அவள் முன்னால் வந்து நின்றான்.

நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். சொட்டு மருந்தை எப்படிக் கொடுப்பதென்று சாவித்ரி காட்டித் தந்தாள். கன்னத்து உட்பக்கமாக, குழந்தை சப்பிக்கொள்ளும்வரை காத்திருந்து.

“ரெண்டு நாளா நானும்தான் பார்த்தேன். நீங்க எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?”

“பிடிச்சுப் பார்த்தேன், பஸ், அவ்வளவுதான். மெஷினெல்லாம் அப்புறம்தானே.”

ஆட்டோவுக்காக வாசலில் நின்றபோது சாவித்ரி வேலை முடிந்து வந்தாள். உச்சி வெயில். ஸ்கூட்டர் சீட்டைத் திறந்து முழங்கைக்கு மேல்வரை ஏறும் வெள்ளைக் கையுறைகளை மாட்டினாள். ஸ்கார்ஃபை எடுத்து நெற்றி, மூக்கு, கழுத்து என்று ஒரு இடத்திலும் வெயில் படாதபடி சுற்றிக் கட்டிக் கண்ணை மட்டும் மிச்சம் வைத்தாள். அந்தக் கண் ப்ரீதியைப் பார்த்துச் சிரித்தது. பிறகு, அதே மாதிரி முகம் மூடிய எத்தனையோ பெண்களின் வண்டிகளுக்கு நடுவே, வானவடிப் பக்கம் திரும்பும் சாலையில் கலந்து போனாள்.