திருமதி ட்ராட்மன் கடல் குளியலுக்கு இறங்கிய கதை

ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை, காலை ஆறு மணிக்குக் கடல் குளியலுக்கு இறங்கிய வெல்டா ட்ராட்மன், ஒன்பதாவது வருஷமும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். அவள் இறங்கிய வருஷம் ரொட்டி விலை பத்து சென்ட் ஏறியது. கில்க்ஸ் குடாவில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். பார்படோஸ் தீவில் கடல் குளியல் என்பது நீச்சல் இல்லை. நீச்சல் என்பது விமானத்தில் வந்து இறங்குகிறவர்கள் காசு கொடுத்துச் செய்வது. ஊர்க்காரர்கள் தொப்பியைக் கழற்றாமல் கழுத்தளவு தண்ணீரில் வட்டமாக நிற்பார்கள், பேசுவார்கள், ஏழரை மணிக்கு ஏறி வீட்டுக்குப் போவார்கள், அவ்வளவுதான். முழங்கால் வலி, யார் வீட்டுச் சுவர் யார் நிலத்தில் ஏறியிருக்கிறது, புதுப் பாதிரியார் பிரசங்கத்தை இழுக்கிற இழுப்பு, எல்லாம் அந்த ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சோளக்களி கிண்டிப்போட்டு ஓய்வு பெற்ற வெல்டாதான் அந்த வட்டத்துக்கு நடுநாயகம். அவள் வாயைத் திறந்தால் கொரீன் யியர்வுட் சிரிக்கிற சிரிப்பில் பக்கத்துக் குடாவில் நங்கூரம் போட்ட படகுகள் ஆடும். இது மிகையில்லை, ஆடியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

ஒரே ஒரு குறை. அவள் புருஷன் கார்லைல் ட்ராட்மன் கடலில் கால் வைத்ததே இல்லை. பேருந்துப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத கால்சட்டை, கோட்டு, டை, தொப்பி, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கிற ஷூ. கடற்கரையில் வீடு கட்டிக்கொண்டு அலுவலகம் போகிறவர் மாதிரி உடுத்தி நிற்பார். நல்ல மனுஷன்தான். ஆனால் தண்ணீருக்குள் நிற்கிற வெல்டாவை அவருக்குத் தெரியாது. வீட்டில் அவள் உப்பு இருக்கிறதா, பால் வந்ததா என்று கேட்கிற பெண்பிள்ளை. ஊரையே வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கிற வெல்டா அந்த வட்டத்தில் மட்டும்தான் இருந்தாள். அந்த வெல்டாவைத் தன் புருஷன் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை என்பது அவளுக்கு உறுத்தியது. ஒரே ஒரு தடவை இறங்கி வந்து தன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று நாற்பத்தொரு வருஷமாகக் கூப்பிட்டாள். அவரும் நாற்பத்தொரு வருஷமாக “இதோ வந்துட்டேன்” என்றார்.

இந்த ‘இதோ’வைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தத் தீவில் ‘இதோ’ என்றால் ஐந்து நிமிஷமும் ஆகலாம், அடுத்த கிறிஸ்துமஸும் ஆகலாம். குழாய் ரிப்பேர்க்காரர் ‘இதோ’ என்றால் பக்கெட்டை இன்னொரு வாரம் அடியில் வைத்திருக்க வேண்டும் என்று அர்த்தம். சொன்னவரும் அதை நினைவில் வைத்துக்கொள்வதில்லை, கேட்டவரும் எதிர்பார்ப்பதில்லை. மரியாதைக்குச் சொல்கிற சொல் அது. அந்தத் திங்கட்கிழமையும் அப்படித்தான் சொல்லப்பட்டது.

“ட்ராட்மன்! தண்ணி வெந்நி மாதிரி இருக்குய்யா. இன்னைக்காவது இறங்கேன்!” என்று வெல்டா கத்தினாள்.

“இதோ வந்துட்டேன். நீ நில்லு” என்று சொல்லிவிட்டு, ரேடியோவில் கிரிக்கெட் கேட்க அவர் உள்ளே போனார்.

அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்த வெல்டா, கொரீனிடம் சொன்னாள்: “நில்லுன்னு சொல்லிட்டுப் போறான் பாரு. சரி, நிக்கறேன். இவன் வந்து என் பக்கத்துல நிக்கற வரைக்கும் நான் ஏறப்போறதில்ல.”

“அடி போடி. அதுக்குள்ள உனக்குச் செவுள் முளைச்சிரும்” என்றாள் கொரீன்.

ஏழரைக்கு எல்லோரும் ஏறினார்கள். வெல்டா ஏறவில்லை. செவுளும் முளைக்கவில்லை.

முதல் வாரம் விரல்கள் ஊறிச் சுருங்கின, பிறகு அவையும் பழகி வழவழப்பாகிவிட்டன. அவள் கண் அசரும்போது கடல் அவள் முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் குவிந்து தாங்கிக்கொண்டது. கொரீன் வீட்டுப் பின்புறத்தில் எனாமல் சட்டியில் சாப்பாட்டை வைத்துத் தண்ணீரில் விட்டால், நீரோட்டம் எந்தப் பக்கம் இருந்தாலும் சட்டி நேராக வெல்டாவிடம் போய் நிற்கும். குழம்பு ஒரு சொட்டுச் சிந்தாது. பாதிரியார் மாதம் ஒருமுறை படகில் போய் நற்கருணை கொடுத்தார், பிரசங்கத்தை மட்டும் சுருக்கிக்கொள்ளச் சொல்லி வெல்டா கேட்டுக்கொண்டாள். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த பெண் முகவரிக் கட்டத்தில் ‘கடல், ட்ராட்மன் வீட்டுக்கு எதிரில்’ என்று எழுதிக்கொண்டு போனாள். நான்காம் வருஷம் அடித்த புயல் தேவாலய மண்டபத்தின் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனபோது, வெல்டாவைச் சுற்றி முப்பது அடிக்கு ஒரு சின்ன அலைகூட எழவில்லை. மூன்று கோழிகளும் பாதிரியாரின் மேசையும் மிதந்து வந்து அங்கே ஒதுங்கின. மேசை அவருடையதுதானா என்று பிற்பாடு ஒரு தகராறு வந்தது, கோழிகளை யாரும் கேட்டு வரவில்லை.

கார்லைல் தினமும் மாலை நாலரைக்குத் தேநீர் குடுவையும் தேங்காய் ரொட்டியும் கொண்டுவந்து சட்டியில் வைத்து அனுப்புவார். பிறகு காய்ந்த மணலில், ஈரம் தொடங்குகிற இடத்துக்கு ஒரு சாண் இப்பால் நின்றுகொண்டு, அன்றைய செய்தித்தாளைச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய பூப்போட்ட கவுனை இஸ்திரி போட்டுக் கொடியில் தொங்கவிடுவார், ஒருவேளை தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று. அவர் நினைத்தது இதுதான்: மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது என்று வருஷக்கணக்காக அழுதவள் தண்ணீரில் வலியில்லாமல், சிரித்துக்கொண்டு, சுற்றிலும் ஆட்களோடு நிற்கிறாள், அவளைப் போய் எதற்கு வீட்டுக்குள் கூப்பிடுவது? வீடு அவருக்கு வெறிச்சென்றுதான் இருந்தது. சுவர்க் கடிகாரச் சத்தம் தாங்காமல் அதை நிறுத்திவைத்தார். ஆனால் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முந்தைய ‘இதோ’ ஒன்று அவர் கணக்கில் இல்லவே இல்லை.

வெல்டாவோ, கூப்பிட்டதெல்லாம் போதும், இனி அவனாக வரட்டும் என்றிருந்தாள். கொரீனுக்கு விஷயம் தெரியும்தான், ஆனால் புருஷன் பெண்டாட்டி நடுவில் மூக்கை நுழைப்பதில்லை என்பது அவள் கொள்கை. ரம் கடையில் மட்டும் நாலு பேரிடம் சொல்லிவைத்தாள். கார்லைல் குடியைத் தொடாத மெதடிஸ்ட் சபைக்காரர், ரம் கடைப் படியை மிதிக்காதவர். ஆகவே அந்தக் குடாவில் விஷயம் தெரியாத ஒரே ஆள் அவராகத்தான் இருந்தார். ஒருவரின் சொந்த விஷயத்தை மூஞ்சிக்கு நேரே கேட்பது அங்கே மரியாதை இல்லை, முதுகுக்குப் பின்னால் கேட்பதுதான் முறை.

விடுமுறைக்கு வருகிறவர்கள் மூன்றாம் வருஷத்திலிருந்து அவளைப் பார்க்க வர ஆரம்பித்தார்கள். தீவில் செய்ய வேண்டிய காரியங்கள் என்று அச்சடித்துக் கொடுக்கிற தாளில் அவள் பதினான்காவதாக ஏறினாள்: குகைக்குள் சின்ன ரயிலில் போவது, ஆமைகளோடு நீந்துவது, வெள்ளிக்கிழமை மீன் பொரிக்கும் சந்தை, இவற்றுக்கெல்லாம் பிறகு, ‘கடலில் நிற்கும் அம்மாளிடம் யோசனை கேட்பது’. காலை வணக்கம் சொல்லாமல் கேள்வி கேட்கிறவர்களை அவள் கண்டுகொள்ளவே மாட்டாள். சொன்னவர்களுக்குத் தாராளமாக யோசனை சொன்னாள். மழை வந்தால் மஞ்சினீல் மரத்தடியில் ஒதுங்காதே, அதன் இலையில் வழிகிற தண்ணீர் தோலைச் சுட்டுவிடும். மீன் போண்டா தின்றால் தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள கடையில் தின்னு, ரொட்டிக்கு நடுவில் வைத்துக் காரக்குழம்பு ஊற்றச் சொல்லு. குரங்கு பார்க்க டிக்கெட் வாங்காதே, மாம்பழத்தைத் திண்டில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொள், தானாக வரும். கடைசியில் எல்லோருக்கும் ஒரே யோசனைதான். “அந்தத் தாளை மடிச்சு உள்ள வையி. வந்து இப்படி நில்லு.” நின்றவர்களில் பாதிப்பேர் விமானத்தைத் தவறவிட்டார்கள், யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

ஒன்பதாம் வருஷம் பிப்ரவரியில் கனடாவின் வினிபெக்கிலிருந்து க்ரெட்டா என்ற பல் மருத்துவர் வந்தாள். நான்கு நாளில் பதின்மூன்று காரியங்களையும் முடித்து டிக் அடித்துவிட்டு, வெயிலில் மூக்குத் தோல் உரிந்து, மூச்சு வாங்க வட்டத்தில் வந்து நின்றாள். பல் மருத்துவர்கள் நேராக விஷயத்துக்கு வந்துவிடுவார்கள் போலிருக்கிறது. வணக்கம் சொன்ன கையோடு, அந்த ஒன்பது வருஷத்தில் அந்தத் தீவில் யாருமே கேட்காததை அவள் கேட்டாள்.

“நீங்க ஏம்மா இங்க நிக்கறீங்க?”

வட்டத்தில் எல்லோரும் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்கள்.

“என் புருஷனுக்காக நிக்கறேன். இதோ வந்துட்டேன்னு சொன்னார்” என்றாள் வெல்டா.

‘இதோ’ என்றால் இதோ என்றே புரிந்துகொள்கிற ஊரிலிருந்து வந்தவள் க்ரெட்டா. அவர் வரத் தாமதமாகிறது, யாராவது போய்ச் சொல்ல வேண்டாமா என்று நினைத்தாள். தண்ணீர் சொட்டச் சொட்டக் கரையேறி, வீட்டு வாசலில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த கார்லைல் முன்னால் போய் நின்றாள்.

“காலை வணக்கம் ஐயா. உங்க மனைவி உங்களுக்காகத்தான் அங்க காத்துக்கிட்டு இருக்காங்க. இதோ வந்துட்டேன்னு சொன்னீங்களாமே?”

“நானா? எப்போ?”

“ஒன்பது வருஷம் முன்னால.”

கார்லைல் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். ஷூவை மாட்டிக்கொண்டு, லேஸைக்கூடக் கட்டாமல் மணலில் நடந்தார். ஈர மணலின் விளிம்பில் அவர் நிற்கவில்லை. இரண்டடி தாண்டித்தான் நின்றார். பாலிஷ் போட்ட ஷூவின் மேல் முதல் தடவையாகக் கடல் நுரை ஏறியது.

“வெல்டா! நீ எனக்காகவா நிக்கறே?”

“பின்ன மீனுக்காகவா நிக்கறேன்?”

“அடிப்பாவி, சொல்லியிருக்கலாமே!”

“நாப்பத்தொரு வருஷம் தொண்டைத்தண்ணி வத்தக் கூப்பிட்டேன். இன்னும் என்னத்தைச் சொல்ல?”

அவர் குனிந்து ஷூவின் மேலிருந்த நுரையைத் துடைத்தார். பிறகு, ஊர் கேட்கட்டும் என்று முடிவு செய்தவர் போல நிமிர்ந்தார்.

“நான் எப்படி இறங்குவேன்? நீதானே சிரிச்சே!”

“நானா? எப்பய்யா சிரிச்சேன்?”

“அறுபத்திரண்டுல. பாத்ஷீபா கடற்கரைக்குப் பஸ்ஸுல பிக்னிக் போனோமே. நமக்குக் கல்யாணம்கூட ஆகல. நான் முழங்கால் வரைக்கும் பேன்ட்டை மடிச்சுவிட்டு அலையில நின்னேன். கொக்குக்கு எவனோ சட்டை மாட்டிவிட்டிருக்கான்னு நீ சொன்னே. பஸ் மொத்தமும் கேட்டுது. டிரைவர்கூடச் சிரிச்சான்.”

வெல்டாவுக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. எத்தனையோ வேடிக்கை சொன்னதில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான். வாழ்நாள் முழுக்க இந்த மனுஷன் மடிப்புக் கலையாமல் உடுத்தியதும், குளியலறைக்குள்கூடக் கால்சட்டையோடு போய்க் கால்சட்டையோடு வெளியே வந்ததும் இப்போதுதான் அவளுக்கு விளங்கின. தான் விளையாட்டாகச் சொன்ன ஒன்றை ஒருத்தர் ஐம்பது வருஷம் காலில் மாட்டிக்கொண்டு நடந்திருக்கிறார் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே அந்தக் கொக்கும் நினைவுக்கு வந்து சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. முகத்தைத் தண்ணீருக்குள் முக்கிக் குமிழி அடங்கும்வரை வைத்திருந்துவிட்டு நிமிர்ந்தாள்.

“சிரிச்சேன்தான்யா” என்றாள். “சிரிச்சுட்டு, ஊர்ல அத்தனை கால் இருக்க, அந்தக் காலைத்தானே கட்டிக்கிட்டேன்?”

கார்லைல் ஷூவைக் கழற்றினார், காலுறைகளைச் சுருட்டி அதற்குள் வைத்தார். கோட்டு, டை, தொப்பி, கால்சட்டை எல்லாவற்றோடும் கடலில் நடந்தார். வெல்டாவின் இடப்பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டே வட்டம் போடுவது வழக்கமாயிருந்தது, யாரும் யாருக்கும் சொல்லாத வழக்கம். அவர் அதில் போய் நின்றார். கழுத்தளவு தண்ணீர் வந்ததும் தண்ணீருக்குள் குனிந்து ஏதோ செய்துவிட்டு நிமிர்ந்தார். கொரீன் உடனே “எல்லாரும் அந்தக் கப்பலைப் பாருங்க” என்றாள். அங்கே கப்பல் எதுவும் இல்லை, எல்லோரும் பார்த்தார்கள். சற்று நேரத்தில் அவருடைய கால்சட்டை மேலே மிதந்து வந்தது. மடிப்பு கலையாமல், தானாக இரண்டாய் மடிந்து, கரையைப் பார்க்கப் போனது.

“எப்பவுமே இவ்வளவு கதகதப்பாவா இருக்கும்?” என்று கேட்டார்.

“எப்பவும்” என்றாள் வெல்டா. பிறகு பாதிரியார் மேசைக் கதையை ஆரம்பித்தாள், முதலிலிருந்து, குரல் மாற்றி, கோழி மாதிரி கூவிக் காட்டி. கார்லைல் தன் பெண்டாட்டியை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். கோழிகள் வருகிற இடத்தில் அவர் சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று விழுந்தது. இத்தனை வருஷமும் அவள் கேட்டது அந்தச் சிரிப்பு ஒன்றைத்தான்.

மதியம் பசி எடுத்ததும் இரண்டு பேரும் ஏறினார்கள். ஈரச் சட்டைக்குக் கீழே வெறும் காலோடு அவர் மணலில் நடந்தார், அவசரப்படாமல். வெல்டா ஓரடி பின்னால் வந்தாள், பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கொண்டு. கொக்குக் கால்கள்தான், சந்தேகமே இல்லை.

கார்லைல் இறங்கியபோது கில்க்ஸ் குடாவில் கடல் ஒரு முழம் மேலே ஏறியது. அவ்வளவு ஒல்லியான மனுஷனுக்கு அது அதிகம்தான். அவர் ஏறிய பிறகும் அது இறங்கவில்லை, மறுநாளும் இறங்கவில்லை, இன்றுவரை அங்கேயேதான் இருக்கிறது. மீன்பிடிக்கிறவர்கள் வந்து பார்த்தார்கள், காரணத்தைக் கேட்டுக்கொண்டார்கள், படகுகளை ஒரு முழம் மேலே இழுத்துக் கட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.