செத்தது என்று எழுதிய டிரம்

எங்கள் ஆலையில் ஒரு பொடி இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லை உலையில் தொள்ளாயிரம் டிகிரியில் சுட்டு எடுப்பது. தாவர எண்ணெயோடு மெத்தனாலைக் கலந்து இதைப் போட்டால்தான் எண்ணெய் டீசலாகும். சூடு ஆறியதும் இறுக மூடிவிட வேண்டும். காற்றுப் பட்டால் அதிலுள்ள ஈரத்தைக் குடித்து வீணாகிவிடும். வீணானதைச் 'செத்தது' என்போம், நல்லதை 'உசுரோட இருக்கு' என்போம். பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளைப் பொடிதான். இந்தப் பெயரை வைத்த மகராசி நான்தான்.

உலை என் பொறுப்பு. டிரம் கழுவுவது என் வீட்டுக்காரர் பொறுப்பு. செத்த பொடியில் தண்ணீர் விட்டுக் கரைத்து வெளியேற்றுவார். கரைகிறதா என்று டிரம்முக்குள் தலையை விட்டுப் பார்ப்பார். பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் போடமாட்டார். "செத்ததுகிட்ட என்னடி பயம்?" என்பார். அந்த வசனம் எனக்கு மனப்பாடம்.

அன்று காலை சுட்ட பொடியைப் போட நல்ல டிரம் இல்லை. இருந்த ஒன்றின் மூடியில் ரப்பர் கிழிந்திருந்தது. சாக்கட்டியால் 'செத்தது' என்று எழுதிய ஒன்று மூலையில் காலியாக நின்றது. அதன் மூடி கிண்ணென்று இருந்தது. அதில் கொட்டி மூடினேன். எழுத்தை அழிக்கத் துணியை எடுத்தேன். அதற்குள் ஆலையின் கெமிஸ்ட் கூப்பிட்டார். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

"இன்னிக்குச் சுட்டது எங்கம்மா வெச்சிருக்கீங்க?" என்றார்.

"மூலையில, சார். அந்தச் செத்த டிரம்முல..."

சொல்லும்போதே எழுத்தை அழிக்காதது உறைத்தது. திரும்பி ஓடினேன். மூலை காலியாகக் கிடந்தது. டிரம்மை உருட்டிப்போன வெள்ளைத் தடம் கழுவுமிடம்வரை போயிருந்தது. என் வீட்டுக்காரர் எந்த வேலையையும் ஆடி அசைந்து செய்கிற மனிதர். "சோம்பேறி" என்று காலையில் நான் திட்டியதால் அன்றைக்கென்று பார்த்துச் சுறுசுறுப்பாகிவிட்டார். பாவி, என் வாய்க்குப் பூட்டுப் போடவேண்டும்.

பம்ப் இரைந்துகொண்டிருந்தது. மூடியைக் கழற்றிக் குழாயை டிரம்முக்குள் சொருகி, திருகில் கை வைத்து நின்றார்.

"தண்ணி விடாதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

நடுவிலிருந்த எழுத்துகளை பம்ப் தின்றுவிட்டது. அவருக்குக் கேட்டது 'விடுங்க'.

"விடுறேன், விடுறேன்! அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று சிரித்தபடி திருகைத் திறந்தார். வழக்கம்போல உள்ளே எட்டிப் பார்த்தார்.

உயிருள்ள பொடி தண்ணீரைக் கண்டால் கொதிக்கும். ஒரு மூச்சு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு டிரம் உறுமியது. வெள்ளைக் குழம்பு கொதித்துப் பொங்கி அவர் முகத்தில் அடித்தது.

அதே குழாயைப் பிடுங்கி அவர் கண்களில் தண்ணீரைப் பீய்ச்சினேன். யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்கள்.

"நீதானடி விடச் சொன்ன?" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. அழிக்காத எழுத்தும் என்னுடையதுதான் என்று சொல்லாமல் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தேன்.

"இன்னும் நல்லாக் கழுவுடி," என்றார். "ஒரே வெள்ளையாவே இருக்கு."

அவர் முகத்தில் வெள்ளை எப்போதோ போய்விட்டிருந்தது.