போன மாசத்துப் பழைய பாட்டு

தையல் மெஷினை நிறுத்திவிட்டு ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள் லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி. துள்ளலான பாட்டு. கீபோர்டு குதியாட்டம் போட, தகர டப்பாவில் தட்டுவது போல டிரம்ஸ் விழுந்துகொண்டிருந்தது.

"என்னங்க, ஞாபகம் இருக்கா? கல்யாணமான புதுசுல மலைக்குப் போனோமே, அந்த பஸ்ல இதைத்தானே திரும்பத் திரும்பப் போட்டான்?"

சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தவரின் பாதம் தானாகத் தாளம் போட்டது. பஸ் ஜன்னலும் காற்றில் பறந்த அவள் முடியும் கண்முன் வந்தன.

"மறக்குமா?" என்றார்.

பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் சொன்னார்: "போன மாசம் வெளிவந்த பாட்டு இது. பாடின பொண்ணு இன்னும் காலேஜ்தான் படிக்குது!"

அவருக்குச் சுருக்கென்றது. அவள் காதில் அது விழவே இல்லை; முணுமுணுத்தபடி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாகவே அவள் போக்கு சரியில்லை. வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினாள். அடுப்பை அணைக்க மறந்தாள். அவர் தெருவுக்கு வந்து, வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

மகள் சிரித்தாள். "நீங்க வேறப்பா! பழசு மாதிரி தெரியணும்னே பண்ணின பாட்டு அது. அதைக் கேட்டா நான் பொறக்காத காலமெல்லாம் எனக்கே ஞாபகம் வர்ற மாதிரி இருக்கு. உங்களுக்கும் பஸ் ஞாபகம் வந்துச்சுல்ல? அப்ப உங்களையும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணுமா?"

வாஸ்தவம்தானே! அன்றைக்கு முழுக்க விசிலடித்தபடியே லிஃப்டுக்குக் கிரீஸ் போட்டார்.

சாயங்காலம் சாப்பிடும்போது அதையே வேடிக்கையாகச் சொன்னார். "நம்ம ரெண்டு பேரையும் நல்லா ஏமாத்திட்டாங்க. அது புதுப் பாட்டாம்!"

"அதெப்படி? பாப்பா உங்க மடியில நின்னுகிட்டு ஆடுச்சே. விழுந்துடப் போகுதுன்னு நான்கூடக் கத்தினேனே!"

எடுத்த கவளம் பாதியில் நின்றது.

"அப்போ பாப்பா பொறக்கவே இல்லையேம்மா."

அவள் மனசுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது. முகம் மெல்ல வெளுத்தது.

"அப்ப நான் யாரைப் பாத்தேன்?"

அவர் கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். அவளே பேசினாள். "உங்ககிட்ட சொல்லலை. போன வாரம் நூல் வாங்கிட்டுத் திரும்பறப்ப வழி தெரியலைங்க. பஸ் ஸ்டாப்புலயே உக்காந்துட்டேன். பக்கத்து வீட்டம்மா வந்து கூட்டிட்டு வந்தாங்க."

"ஏம்மா மறைச்சே?"

"வாய்விட்டுச் சொன்னா நெஜமாயிடுமோன்னு பயந்தேன்."

மறுநாளே லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். பரிசோதனைகள் முடிய ஒரு வாரம் இழுத்தது. மறதி நோய், ஆரம்பக் கட்டம்தான் என்றார் டாக்டர். மாத்திரையால் கொஞ்சம் தள்ளிப்போடலாம், திருப்பி அனுப்ப முடியாது.

வெளியே வந்ததும் மகளுக்குச் சொல்லிவிடுவதென்று போனை எடுத்தார். "சொல்லுங்கப்பா" என்று அவள் குரல் கேட்டதுதான் தாமதம், அவர் போனைக் காதிலிருந்து இறக்கிவிட்டார். மனைவி கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"நான்தான்டி பேசறேன். நல்ல சேதி இல்லை. ஆனா அழாம கேளு."