தியோடர் சாரின் பச்சை மை

ஒரு தேசத்தின் பாதுகாப்பு எல்லையில் நிற்கும் வீரனிடம் இல்லை. படித்த குடிமகனின் கையெழுத்தில் இருக்கிறது. சித்தூர் மிஷன் பள்ளியில் ஒவ்வொரு குடியரசு தினத்திலும் ஹெட்மாஸ்டர் தியோடர் இதைச் சொல்வார். ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகியும் அவர் தேசத்தைப் பச்சை மையில்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தார். பச்சை மைக்கான அதிகாரம் வேலையோடு முடிந்துவிட்டது என்பதைச் சர்ச் சபையில் யாரும் அவரிடம் சொல்லவில்லை. ரேஷன் மனுவோ ஞானஸ்நானச் சான்றோ, எதை நீட்டினாலும் கையெழுத்து விழும். அடியில் 'ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்' என்ற முத்திரையும் விழும். முத்திரை எப்போதும் சட்டைப்பையில் இருந்தது.

போன பிப்ரவரியில் காலை நடைக்குப் போனவரை ஸ்டான்லியின் ஜெராக்ஸ் கடை வாசலில் போலீஸ் நிறுத்தியது. சோதனைக்குக் கௌரவமான சாட்சி ஒருவர் தேவை என்றார் எஸ்.ஐ. 'கௌரவமான' என்ற சொல்லுக்குப் பிறகு தியோடர் எதையும் கேட்கவில்லை. உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கண்ணெதிரே எடுத்தவை மூன்று: கம்ப்யூட்டர், செல்போன், சபையின் அறுப்பின் பண்டிகை நோட்டீஸ் ஒரு கட்டு.

எஸ்.ஐ. ஒரு தாளை நீட்டி, "சதிவி சந்தகம் பெட்டண்டி சார்" என்றார். படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடச் சொன்னார். அந்த மட்டில் போலீஸைக் குறை சொல்ல முடியாது. தியோடர் மூக்குக்கண்ணாடியை மாட்டி, தாளை மேலிருந்து கீழாகப் போதுமான நேரம் பார்த்தார். வரிசை எண் ஏழு வரை போயிருந்தது. சார்ஜர், ஒயர் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதியிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டார். பச்சை மை. முத்திரை.

ஸ்டான்லியை ஊபா சட்டத்தில் உள்ளே வைத்தார்கள். அது பயங்கரவாதிகளுக்கான சட்டம். சபையார் முதல் வாரம் அவனுக்காக ஜெபித்தார்கள். இரண்டாம் வாரம் பாடகர் குழுவுக்கு வேறு கீபோர்டுக்காரரைத் தேடினார்கள். அவன் மனைவி ஜெமிமா தியோடரிடம் பத்தாவது படித்தவள். வீட்டுக்கு வந்தவள் உட்காரவில்லை.

"சார், அதுல இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சிக்கினுதானே போட்டீங்க?"

"படிக்காம போடுவனாம்மா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி ஞானம்மாள் இருமினார். கல்யாணமான நாளிலிருந்து பஸ் போர்டைப் படித்துச் சொல்லி அவரை ஏற்றிவிடுபவர் ஞானம்மாள்தான். சார் கண்ணாடியை மறந்துவிட்டார் என்பது ஊருக்குச் சொல்லும் காரணம். தெலுங்கில் அவர் மணிக்கணக்காகப் பேசுவார், சண்டைகூடப் போடுவார். எழுத்துதான் தெரியாது. தமிழ்வழியில் படித்து, தமிழ்வழிப் பள்ளியிலேயே வேலை பார்த்தவர். மேலிடத்துக் கடிதங்களை க்ளார்க் ரத்தினம்மா உரக்கப் படிப்பார். சார் நெற்றியைச் சுருக்கிக் கேட்டுவிட்டு 'பார்த்தேன்' என்று எழுதுவார்.

ஏழு மாதம் கழித்து ஜாமீன் மனுவுக்காக ஜெமிமா அவரைத் திருப்பதிக்கு, வக்கீல் ஹேமநாத்திடம் கூட்டிப்போனாள். தமிழ் பேசும் நகரி ஊர்க்காரரான ஹேமநாத் அந்தத் தாளைத் தமிழில் படித்துக் காட்டினார். நான்கிலிருந்து ஏழு வரை: தடை செய்யப்பட்ட இயக்கத்தின் புத்தகம் பன்னிரண்டு, காட்டுப் பகுதி வரைபடம் ஒன்று, பென்டிரைவ் ஒன்று, சிவப்புத் துணி இரண்டு மீட்டர். தியோடர் அதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

"இந்தச் சட்டத்துல ஜாமீன் கேட்டா, ஜட்ஜி இது நெஜமான்னு பாக்கமாட்டாரு," என்றார் ஹேமநாத். "பாக்கறதுக்கு நெஜமாட்டம் கீதான்னுதான் பாப்பாரு. ஹெட்மாஸ்டர் முத்திரை போட்ட பேப்பர் சார். நெஜமாட்டமே கீது."

ஜெமிமா அழவில்லை. "நீங்க பாத்தது மூணுதானே சார். சொல்லிடுங்க. ஜெயிலுக்குக் கூட்டினு போனா பாப்பா அவர அங்கிள்னு கூப்புடுது."

தியோடர் மேஜை மேலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு, தனக்குத் தெலுங்கு படிக்க வராது என்றார்.

ஜெமிமா மெதுவாகச் சொன்னாள்: "தப்பா படிச்சா எங்கள முட்டி போட வெப்பீங்களே சார்."

பிரமாணப் பத்திரம் தயாரானது. தனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது, எடுத்தது மூன்று பொருள்தான், மீதி நான்கைத் தான் பார்க்கவில்லை என்று தியோடர் சத்தியம் செய்ய வேண்டும். ஹேமநாத் வேறொரு கேஸுக்கு ஓடிவிட்டார். அவருடைய ஜூனியர் பென்சிலால் குறி போட்ட இடங்களிலெல்லாம் தியோடர் கையெழுத்திட்டார். பழக்கத்தில் முத்திரையையும் வைத்தார்.

அடுத்த வாரம் நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்தார். சாட்சி அன்று சொன்னது உண்மையா இன்று சொல்வது உண்மையா என்பதை வழக்கு விசாரணையில் பார்க்கலாம். ஜாமீன் கட்டத்தில் பார்க்கச் சட்டம் இடம் தரவில்லை. விசாரணை எப்போது வரும் என்று ஜெமிமா கேட்டாள். இதற்கு முன்னால் நிற்கும் கேஸ் ஆறு வருடமாக நிற்கிறது என்றார் ஹேமநாத்.

பஸ் ஸ்டாண்டில் ஜெமிமா சித்தூர் பஸ்ஸின் போர்டைப் படித்து, அவரை ஏற்றி, பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியதும் கேட்டாள்.

"மூணுதான்னு தெளிவா எழுதிந்ததா சார், நீங்க கையெழுத்து போட்டதுல?"

"தெளிவா இருந்ததும்மா," என்றார் தியோடர்.

பிரமாணப் பத்திரம் நான்கு பக்கம். நான்கும் தெலுங்கில் இருந்தன.