பேட்டரியும் மாஸ்டரின் வலது காலும்

கேக்கக்காவின் கொழுந்தனுக்குப் பெற்றவர்கள் ஆசை ஆசையாய் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. மழை வருமா என்று கேட்டால் "அறுபது பர்சன்ட்" என்பான். சாப்பிட்டாயா என்று கேட்டால் "எண்பது பர்சன்ட்" என்பான். அப்படியே அவன் பர்சன்ட் ஆகிவிட்டான். செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்ததால் பேட்டரி என்ற பேச்சு எங்கே வந்தாலும் அழையாமலே போய் நிற்பான்.

இந்தத் தடவை அண்ணியே அழைத்தாள். வீட்டிலேயே கேக் செய்து விற்று ஊருக்கே கேக்கக்கா ஆகிவிட்ட அவளுடைய பழைய வேன் போன வாரம் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. மலை உச்சியில் இருக்கும் ஓட்டலுக்கு வாரா வாரம் கேக் கொண்டுபோகும் வேலையை அவள் அலைந்து திரிந்து பிடித்திருந்தாள். அது கையை விட்டுப் போனால் மைதாவும் வெண்ணெயும் வாங்கிப் போட்டதற்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அவளுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தது ஒரே ஒரு வண்டி. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் விற்கும் எலெக்ட்ரிக் கார். மலையில் சார்ஜ் போட வசதி கிடையாது. ஒரே சார்ஜில் ஏறி இறங்கி வீடு திரும்பினால்தான் அந்த வண்டி அவளுக்கு வண்டி. பேட்டரி சொத்தையாக இருந்தால் புதிது மாற்றுகிற செலவில் இன்னொரு காரே வாங்கிவிடலாம்.

மாஸ்டர் எதையும் பூசி மெழுகுகிறவர் அல்ல. டிரைவிங் ஸ்கூல் வாசலில் வண்டியைக் காட்டும்போதே போட்டு உடைத்துவிட்டார்.

"பேட்டரி களைச்சுப் போச்சும்மா. புதுசுல ஓடின தூரத்துல இப்ப பாதிதான் ஓடுது. அதான் விலையும் பாதி. அப்புறம் வந்து என் சட்டையைப் பிடிக்கக் கூடாது."

பர்சன்ட் ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து, தீப்பெட்டி அளவில் இருந்த ஒரு கருவியைச் செருகிவிட்டு செல்போனைப் பார்த்தான். புருவம் மேலே போனது.

"அண்ணி, இது பேட்டரி ஆரோக்கியம் தொண்ணூத்தோரு பர்சன்ட்னு காட்டுது. ஆனா முழு சார்ஜ் போட்டும் டாஷ்போர்டு பாதி தூரம்தான் போகும்னு சொல்லுது. ரெண்டுல ஒண்ணு பொய்."

"எது பொய்?"

"ஐம்பது பர்சன்ட் இது, ஐம்பது பர்சன்ட் அது."

இவனைக் கூட்டிக்கொண்டு வந்ததற்குச் சுவரைக் கேட்டிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அவளும் லேசுப்பட்டவள் அல்ல. மலை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டே முடிவு சொல்வதாகச் சொன்னாள். மாஸ்டரும் சரி என்றார். இடுப்புயரத்துக்கு ஓர் அட்டைப்பெட்டி பின்கதவு வழியாக ஏறியபோதுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

"இது என்னம்மா?"

"என் வேலைக்கு ஏத்த பாரம் வச்சு ஓட்டிப் பாக்க வேணாமா, மாஸ்டர்?"

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அன்று மாலை ஓட்டலில் வெட்டப்போகிற மூன்றடுக்குக் கேக்கும் பாரம்தானே. பர்சன்ட் பின்சீட்டில் உட்கார்ந்து பிறந்த குழந்தையைப் போலப் பெட்டியை அணைத்துக்கொண்டான். கிரீம் உருகாமல் இருக்க ஏசி முழு வேகத்தில் ஓடியது.

டிரைவிங் ஸ்கூல் வண்டி என்பதால் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருந்தது. அந்தப் பிரேக்கின் மேல் மாஸ்டரின் வலது கால் இருந்தது. அவள் சமதரையில் நிதானமாகத்தான் ஓட்டினாள். ஆனாலும் முன்னால் ஒரு சைக்கிள் தெரிந்தால் அந்தக் கால் மிதித்தது. நாய் திரும்பிப் பார்த்தால் மிதித்தது. எதிரே ஒன்றுமே வராவிட்டால், ஏன் வரவில்லை என்ற சந்தேகத்தில் மிதித்தது.

"மாஸ்டர், நான்தான் மெதுவாப் போறேனே?"

"நான் மிதிக்கலையேம்மா. கால்தான்." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "எத்தனை பேருக்குக் கத்துக் கொடுத்திருக்கேன், ஒரு கீறல் விழுந்ததில்லை. அந்தப் பழக்கம். என் சம்சாரத்துக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். நடுரோட்டுல வண்டிய நிறுத்திட்டு, பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போயிட்டா. அன்னையிலேர்ந்து நான் இருக்கிற கார்ல அவ ஏறினதில்லை."

மலைப்பாதை தொடங்கியது. பர்சன்ட் ஒரு கையால் கேக்கையும் மறு கையால் செல்போனையும் பிடித்துக்கொண்டு நேர்முக வர்ணனையில் இறங்கினான். பேட்டரி என்பது ஒரே பெட்டி இல்லையாம், உள்ளே வரிசையாகச் சின்னச் சின்னச் செல்களாம். மேடு ஏறும்போது எல்லாமே கொஞ்சம் தளருமாம். அதில் ஒன்று மட்டும் தனியாகத் துவண்டால் பேட்டரிக்கு வியாதி என்று அர்த்தமாம்.

"எதாவது துவளுதா?"

"இல்ல அண்ணி. எல்லாம் ஒண்ணா இறங்குது, ஒண்ணா ஏறுது. கூட்டுக் குடும்பம் மாதிரி இருக்கு."

ஆனால் டாஷ்போர்டில் சார்ஜ் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. ஒரு கொண்டை ஊசி வளைவில் மாஸ்டரின் கால் தன் பங்குக்கு ஓங்கி மிதித்தது. பின்சீட்டில் "ஐயோ!" என்று ஓர் அலறல்.

"ரோஜா விழுந்துடுச்சு அண்ணி! மேலே வச்சிருந்த சர்க்கரை ரோஜா!"

மாஸ்டர் மெல்லத் திரும்பி அந்தப் பெட்டியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நிஜக் கேக்கா?"

"நிஜக் கேக்குதான் மாஸ்டர். வேன் படுத்துடுச்சு. எனக்கு வேற வழி தெரியல."

திட்டப் போகிறார் என்று நினைத்தாள். அவரோ, முதலிலேயே சொல்லியிருந்தால் பெட்டிக்குக் கீழே விரிக்க ரப்பர் பாய் கொடுத்திருப்பேனே என்று அங்கலாய்த்தார்.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது சார்ஜ் நாற்பத்தொன்று. ரோஜாவை அவள் இருந்த இடத்திலேயே ஒட்டவைத்தாள். ஓட்டல் மேலாளருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை, வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டார். காருக்குத் திரும்பியபோதோ இரண்டு ஆண்களும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

"ஏற அம்பத்தொம்போது செலவாச்சு, மீதி நாப்பத்தொண்ணு," என்றான் பர்சன்ட்.

"இறங்கும்போது செலவு குறையும்ல?" என்றாள்.

மாஸ்டர் தலையை ஆட்டினார். "அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க. இந்த வண்டியில அதெல்லாம் இல்லை. பசங்களைக் கூட்டிட்டு நான் தினமும் இறங்குறவன். கீழ போறதுக்குள்ள இதுலயும் பாதி கரைஞ்சுடும், வீடு வரைக்கும் தாங்காது. பேட்டரி போச்சும்மா."

வண்டியும் இல்லை, அடுத்த வார வேலையும் இல்லை என்று அவள் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் ஒரு விஷயம் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. ஏறும் வழியில் இடையிடையே சின்னச் சின்ன இறக்கங்கள் வந்தன. அங்கெல்லாம் அவள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் டாஷ்போர்டில் ஒரு பச்சைக் கோடு நீண்டது. அடுத்த நொடியே மாஸ்டரின் கால் மிதிக்க, கோடு காணாமல் போனது. ஒவ்வொரு தடவையும் அதே கதை.

"பர்சன்ட், அந்தப் பச்சைக் கோடு என்ன?"

"காலை எடுத்தா சக்கரமே மோட்டாரைச் சுத்தி, கரண்டைத் திருப்பி பேட்டரிக்கு அனுப்பும் அண்ணி. வேகமும் தானா குறையும். பிரேக்கை மிதிச்சா..." அவன் வாய் பாதியில் நின்றது. பிரேக்கை மிதித்தால் இந்த வண்டியில் அது வெறும் சூடாகப் போய்விடும்.

இருவரும் சேர்ந்து மாஸ்டரின் வலது காலைப் பார்த்தார்கள்.

"என்ன? என் கால் மேல பழியா?"

"மாஸ்டர், கோவிச்சுக்காதீங்க. டாஷ்போர்டு சொல்ற தூரம் பேட்டரியை வச்சு மட்டும் இல்ல, இதுவரைக்கும் ஓட்டின விதத்தையும் வச்சுத்தானே?" என்றாள் கேக்கக்கா. "உள்ள இருக்கிற செல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இறங்கி முடியிற வரைக்கும் நீங்க மிதிக்காம இருங்க, பாக்கலாம்."

கத்துக்குட்டிகள் கையில் தினம் தினம் தன் உயிரையே கொடுத்தவரிடம் இதைக் கேட்பது சின்ன விஷயம் இல்லை. அது அவளுக்கும் தெரியும். மாஸ்டர் ஏறி உட்கார்ந்தார். முதல் வளைவிலேயே கால் பிரேக்குக்குப் போய்விட்டது. இரண்டாவது வளைவிலும் போனது. மூன்றாவதற்கு முன்னால், "நிறுத்தும்மா" என்றார். இறங்கி நடந்தே போய்விடுவாரோ என்று அவள் பயந்தாள். அவர் செருப்பைக் கழற்றினார், சீட்டைப் பின்னால் தள்ளினார், சாப்பாட்டுக்கு உட்காருவது போல் சீட்டின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இப்பப் போங்க," என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

கார் சத்தமில்லாமல் இறங்கியது. வளைவுக்கு முன்னால் அவள் காலை எடுப்பாள், வண்டி தானாகத் தணியும், பச்சைக் கோடு நீளும். பின்சீட்டிலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. "நாப்பத்தொண்ணு. நாப்பத்திரெண்டு அண்ணி! நாப்பத்திமூணு! ஏறுது, ஏறுது!" அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

நடுவழியில் மாஸ்டர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். பிறகு மற்றதையும் திறந்தார். செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாததால் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"அட, இங்க ஒரு ஏரி இருக்கு!"

"அது எப்பவும் இருக்கே மாஸ்டர்."

"எனக்குத் தெரியாதே. தினமும் வரேன். ரோட்டைத் தவிர எதையும் பாத்ததில்லை." அடிவாரம் வரைக்கும் அவர் ஏரி இருந்த திசையையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அடிவாரத்தில் நாற்பத்தாறு காட்டியது. டிரைவிங் ஸ்கூல் வாசலுக்கு வந்தபோதும் முப்பத்தாறு மிச்சம் இருந்தது. பேட்டரி நல்ல பேட்டரி என்பது இப்போது மாஸ்டருக்கும் தெரிந்துவிட்டது. பாதி விலை சொன்னது களைத்த பேட்டரிக்கு. பர்சன்ட் அண்ணியிடம் கண்ணாலேயே சும்மா இருங்கள் என்றான். அவளால் இருக்க முடியவில்லை.

"மாஸ்டர், வண்டி நல்லாத்தான் இருக்கு. நீங்க விலையைக் கூட்டினா நியாயம்தான். என்னால முடியாது, அவ்வளவுதான்."

மாஸ்டர் தாடையைத் தடவினார். "சொன்ன விலை சொன்னதுதான். நல்ல பேட்டரின்னு ஒரு நாளாவது நான் அதை அனுபவிச்சேனா? ஆனா ஒரு நிபந்தனை. விக்கிறப்ப என் பக்கத்துப் பிரேக்கைக் கழட்டிடுவேன், அதுக்கு முன்னாடி ஒரே ஒரு நாள், என் சம்சாரத்தைப் பின்னாடி உக்கார வச்சு அந்த ஏரி வரைக்கும் போகணும். நீங்கதான் ஓட்டணும். நான் இப்படியே உக்காந்து வரேன். மிதிக்காம வந்தேன்னு நான் வாயால சொன்னா அவ நம்ப மாட்டா."

"நாளைக்கே போகலாம் மாஸ்டர்!" என்றாள்.

பர்சன்ட் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டான். மாஸ்டர் இறங்கவில்லை. சம்மணத்தைப் பிரித்து, வலது காலை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்து உதறிக்கொண்டிருந்தார்.

"மரத்துப் போச்சுப்பா," என்று சிரித்தார். "கொஞ்சம் இருங்க. பாவம், இன்னைக்குத்தான் சும்மா இருந்திருக்கு."