நனைத்துக் கொண்டுவந்த தம்ளர்கள்

ஞாயிற்றுக்கிழமை நான் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, என் மனைவி றேணுகா ஹோலில் பழைய பெட்சீற்றை விரித்து, சில்வர் தம்ளர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். மொத்தம் ஆயிரத்து இருநூறு.

"மெல்ரோய், இதைப் பாருங்களன்." ஒன்றை மூக்கருகே பிடித்துக் காட்டினாள். "பியர் வாசம், சோடா வாசம் ஒண்டும் இல்லை. அன்னபாக்கியம் அக்கா நல்லாக் கழுவியிருக்கிறா."

"ஓம்," என்றேன். மனதில் ஒரு பொய்யை வைத்திருந்ததால், அன்று பூசையில் நான் நற்கருணை வாங்காமல்தான் வந்திருந்தேன்.

அந்தத் தம்ளர்களில் ஒருவரும் வாய் வைக்கவில்லை. முதல் நாள் இசை விழாவுக்கு அவை லொறியில் போனது உண்மை. ஆனால் பெட்டிகள் திறக்கப்படவே இல்லை. விழா முடிந்த பிறகு மைதானத்துப் பைப்பில் ஹோஸைப் பூட்டி, எல்லாவற்றையும் நனைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அந்தத் தண்ணீரைத்தான் அவள் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கொட்டாஞ்சேனையில் திருவிழா, கல்யாணம், செத்தவீடு எதுவானாலும் தட்டு, தம்ளர், கதிரை எல்லாம் எங்கள் கடையில்தான் வாடகைக்கு எடுப்பார்கள். அப்பா நடத்திய கடை. கல்யாணம் முடித்த வருடம் அதற்கு றேணுகாவின் பெயரை வைத்தேன். பெயர் வெட்டுகிறவரை அழைத்து, ஒவ்வொரு தம்ளரிலும் அவள் பெயரைப் பொறிப்பித்தேன். "ஊரெல்லாம் சுத்திப்போட்டு நான் வீட்டுக்குத் திரும்பி வரவேணும் போல," என்று அப்போது சிரித்தாள்.

விழா வெள்ளவத்தைக் கால்வாய்க்குப் பக்கத்து மைதானத்தில் நடந்தது. அதே வெள்ளவத்தையில், கடலில் போய் முடிகிற ஒரு ஒழுங்கையில் வளர்ந்தவள் றேணுகா. ஓடர் வந்ததும் நடத்துகிறவர்களோடு அவளே கதைத்தாள். "கழுவிப் பாவிக்கிற தம்ளர் தாறம். குடிச்சிட்டு எறியிற சாமான் ஒண்டும் வேண்டாம்." அவர்களும் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள்.

விழாவுக்கு இரண்டு நாட்களுக்கு முன் பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. புறக்கோட்டையில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கிற ஸவாஹிர் அதை ஊதிப் பெருப்பித்தான்.

"இளந்தாரிக் கூட்டம், மெல்ரோய். பாதித் தம்ளர் திரும்பாது. பிளாஸ்டிக் கப் தாரேன், குடிச்சிட்டு எறிஞ்சிட்டுப் போவாங்க. பேரும் சும்மாவே அடிச்சித் தரவா? என்ன பேர்?"

வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. "றேணுகா."

விழா நடத்துகிறவர்களிடம் மைதானத்தில் கழுவத் தண்ணீர் போதாது என்று சொல்லி, அந்த பிளாஸ்டிக் கப்களையே கொடுத்தேன். கழுவ வந்த அன்னபாக்கியம் அக்காவிடம், வீட்டில் சொல்ல வேண்டாம் என்று கேட்டேன்.

"கழுவத்தான் தம்பி என்னைக் கூப்பிட்டனீர். பொய்க்கு வேற ஆளைப் பாரும்," என்று முகத்தைத் திருப்பினா. ஆனாலும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மழை அடித்து ஊற்றியது. புதன்கிழமை வெள்ளவத்தையில் இருக்கிற றேணுகாவின் அக்கா சுபோதினி போன் எடுத்தா.

"மெல்ரோய், உம்மட கடைக்கு நல்ல விளம்பரம். எங்கட கடற்கரை முழுக்க என்ட தங்கச்சிதான் கிடக்கிறா."

"என்னக்கா சொல்றீங்க?"

"காகம் ஒண்டு அவவைக் கொத்திக்கொண்டு நிக்குது. வந்து பாருமன்."

"அவவுக்குச் சொல்லிட்டீங்களா?"

"நான் ஏன் சொல்லுறன்? பேரை அடிச்சவர் சொல்லட்டும்."

அடுத்த நாள் காலை, பேலியகொடைக்கு மீன் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, இரண்டு சாக்கோடு வெள்ளவத்தைக்குப் போனேன். கால்வாய் கொண்டுபோய்க் கொட்டியதைக் கடல் அப்படியே திருப்பி எறிந்திருந்தது. ரயில் பாதைக்குக் கீழே, கல்லுக்குக் கல் இடையில் எல்லாம் கப். சில உடைந்து 'றேணு' மட்டும் மிஞ்சியிருந்தது. ஒன்றுக்குள் விழுந்த குட்டி நண்டு ஏறுவதும் வழுக்குவதுமாக இருந்தது. கப்பைச் சரித்து அதை வெளியே விட்டேன். இரண்டு சாக்கும் நிறைந்த பிறகும், ஒவ்வொரு அலையும் இரண்டு மூன்றைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டது.

சாக்குகளை அங்கேயே எங்காவது தள்ளிவிட்டு வந்திருக்கலாம். மீனும் வாங்கியிருக்கலாம். ஏனோ முடியவில்லை.

கதவைத் திறந்த றேணுகா, "மீன் எங்க?" என்றாள்.

ஒரு சாக்கைத் தரையில் கவிழ்த்தேன். மணலும் உப்புநீரும் கப்களும் கொட்டின. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குந்தியிருந்து ஒரு கப்பை எடுத்துத் தன் பெயரை வாசித்தாள்.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை நான் துடைச்சது?"

"பைப் தண்ணி."

"நான் மூக்கில வைச்சு மணந்து பாத்தனான்." கப்பைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். "மணந்து பாத்திட்டு உங்களுக்கும் காட்டினனான்."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"தம்ளர் துலைஞ்சிடும் எண்டு பயந்திட்டன் றேணு. உம்மட பேர் போட்டது…"

"துலைஞ்சா துலைஞ்சிருக்கும். ஆரோ ஒரு வீட்டில அதில தண்ணி குடிச்சிருப்பினம்."

அன்று இரவு சாப்பாட்டைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். வெள்ளியும் சனியும் தேவையான அளவுக்கு மட்டும் கதைத்தாள். ஞாயிறு விடிய நான் சாக்குகளை எடுத்தபோது, செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நீர் ஏன்? நான் பாத்துக்கொள்ளுவன்."

"என்ட பேர்தானே கிடக்கு."

கடற்கரையில் எனக்கு இருபது அடி முன்னால் நடந்தாள். கிட்டப் போனால் வேகத்தைக் கூட்டினாள். எடுக்கிற ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தன் சாக்கில் போட்டாள். நான் பார்க்காமலே போட்டேன். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் நின்று சுபோதினி அக்கா தேத்தண்ணிக்குக் கூப்பிட்டா. இரண்டு பேரும் போகவில்லை.

வெயில் ஏறும்போது, முழங்கால் அளவு தண்ணீரில் மிதந்த ஒன்றை இறங்கி எடுத்தேன். எழுத்து ஒன்றுகூட இல்லை. யாருடையதாகவும் இருக்கலாம்.

"இது எங்கட இல்லைப் போல," என்றேன்.

றேணுகா நின்றாள். அன்று காலை முதல் தடவையாக என்னிடம் திரும்பி வந்தாள்.

"பேர் அழிஞ்சா எங்கட இல்லையோ?"

தன் சாக்கின் வாயை விரித்து எனக்கு நேரே பிடித்தாள். அதற்குள் போட்டேன்.